பாலத்துப் பெயிண்டும் பானெட்டுக்குள் இரும்பும்

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓட்டம் நின்றது. கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் தூக்குப் பகுதியை உப்பு அரித்திருந்தது. பக்கத்திலேயே எழுந்த புதிய பாலத்தை 2025 ஏப்ரல் 6-ல் திறந்தார்கள். அதன் எஃகைக் காக்கும் பூச்சு பாலிசிலோக்சேன். அதற்கு நெருங்கிய சொந்தமான ஒரு பெயிண்டுதான் பழைய அம்பாசிடரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் தேவை.

மேனிஃபோல்டு என்பது சிலிண்டர்களிலிருந்து வரும் புகையைச் சேர்த்து சைலன்சர் குழாய்க்கு அனுப்பும் வார்ப்பிரும்பு. வண்டி நன்றாக இழுக்கும்போது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காயும். அங்கே சாதாரண எனாமல் கருகி உதிர்ந்துவிடும். கால்வனைசிங்கும் உதவாது, துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகும். அதனால் எந்த ஊரிலும் அது வெற்று இரும்பாகத்தான் நின்று துருப்பிடிக்கும்.

பாம்பனில் இன்னும் வேகமாகப் பிடிக்கும். காரணம் மழையல்ல. சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டாலே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அதில் பாதிகூட வேண்டாம். ஆகவே இரண்டு பக்கமும் கடல் இருக்கும் இந்த ஊரில், நிழலில் நிறுத்திய வண்டியின் இரும்பின்மேலும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் பெரும்பாலான நாள் இருக்கும். அதிலுள்ள குளோரைடு துருவுக்கு அடியில் குழிதோண்டிப் பதுங்கிக்கொள்ளும்.

கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் மேல் துரு போகும். குழிக்குள் இருக்கும் உப்பு போகாது. அதன்மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் சில மாதத்தில் கொப்புளம் கிளம்பும். மேனிஃபோல்டைக் கழற்றி (துருவேறிய ஸ்டட் முறியாமல் கழன்றால் பாதி வேலை முடிந்தது), முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, பிறகு மணல் பிளாஸ்டிங் செய்து, மீண்டும் கழுவி உடனே உலர்த்த வேண்டும். செலவு செய்வதென்றால் இந்தக் கட்டத்தில்தான் செய்யச் சொல்வேன்.

அடுத்து பெயிண்ட். சாதாரணப் பூச்சின் முதுகெலும்பு கார்பன் சங்கிலி. சூட்டில் அது எரியும். மேனிஃபோல்டுக்குத் தேவையான பெயிண்டில் இருப்பது சிலிக்கோன் பிசின். அதன் முதுகெலும்பு, பாலத்துப் பாலிசிலோக்சேனைப் போலவே, சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறிமாறிக் கோத்தது. மணலில் இருப்பதும் இதே பிணைப்புதான். பாலத்தில் அந்தப் பிணைப்பு வெயிலைத் தாங்குகிறது, மேனிஃபோல்டில் நெருப்பை. கடைகளில் சூடு தாங்கும் சில்வர் பெயிண்ட் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இந்தப் பிசினில் அலுமினியத் துகள் கலந்ததுதான். சூட்டில் பிசினின் கரிமப் பகுதி போய்விட, சிலிக்காவும் அலுமினியமும் இரும்போடு ஒட்டி நிற்கும்.

தடிப்பாக அடிக்கக் கூடாது. 40 சென்டிமீட்டர் வார்ப்பிரும்பு 500 டிகிரி சூடேறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். தடித்த பூச்சு அந்த இழுப்பில் வெடிக்கும். மெல்லிசாக இரண்டு கோட் போதும். பெயிண்ட் காய்ந்ததும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். இந்தப் பிசின் இறுகுவதற்கே ஏறத்தாழ 200 டிகிரி வேண்டும். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி சற்று அதிக நேரம் ஓட்ட வேண்டும். முதல் ஓட்டத்தில் புகையும் நெடியும் வரும். ஷெட்டுக்குள் வேண்டாம், வெளியில் வைத்து ஓட்டுங்கள்.