மழைக் கணக்கும் கடவுச்சொல்லும்

2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மும்பையின் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவாயிற்று. தெற்கேயுள்ள கொலாபாவில் பதிவானதோ ஏறத்தாழ 73 மி.மீ. மட்டுமே. ஒரே நகருக்குள் இத்தகைய வேற்றுமை நிகழக்கூடுமாதலின், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் பணிபுரியும் கள அலுவலரும் ஆசிரியரும் மழையளவை இடவாரியாக அறிய விரும்புவது இயல்பே.

இதற்கு உதவும் செயற்கைக்கோள் அளவைகளை அமெரிக்காவின் நாசா நிறுவனம் கட்டணமின்றி வழங்கி வருகிறது. ஐமெர்க் எனப்படும் தொகுப்பு, பூமியை 0.1 பாகைக் கட்டங்களாகப் பகுத்து, அரைமணிக்கொரு முறை மழையளவைத் தருகிறது. தாராவியும் மாட்டுங்காவும் ஒரே கட்டத்துள் அடங்குவதால் அவ்விரண்டையும் இதனால் வேறுபடுத்த இயலாது. ஆனால் சாந்தாகுரூஸையும் கொலாபாவையும் ஒப்பிடலாம்.

ஒரு நாளைக்கு 48 கோப்புகள் தேவைப்படுவதால், அவற்றைக் கையால் ஒவ்வொன்றாகப் பெறாமல், வீகெட், கர்ல் போன்ற கட்டளைவரிக் கருவிகளைப் பயன்படுத்துவர். இங்குதான் ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. 48 கோப்புகளும் பிழைச் செய்தியின்றி வந்து சேரும். ஆயினும் ஒன்றும் திறவாது. அவற்றுள் இருப்பது மழையளவு அன்று. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நுழைவுப் பக்கமே.

இதன் காரணம் எளியது. இணையத்தின் வழங்கிக் கணினி, முன்பு வந்தவர் யாரென்பதைத் தானாக நினைவில் வைப்பதில்லை. கோப்பைக் கேட்டவரை அது நுழைவாயிலுக்குத் திருப்பிவிடும். கடவுச்சொல்லை ஏற்றபின் குக்கி என்னும் அடையாளச் சீட்டை அளிக்கும். 1994இல் லூ மொன்டுல்லி வகுத்த முறை இது. உலாவி அச்சீட்டைத் தானே பாதுகாத்து ஒவ்வொரு முறையும் காட்டுகிறது. கட்டளைவரிக் கருவிக்கோ அதனைச் சொல்லித் தரவேண்டும்.

ஆகவே பின்வருவனவற்றை வரிசையாகச் சோதித்தல் நலம்:

1. வந்த கோப்பின் அளவைக் காண்க. 48 கோப்புகளும் மிகச் சிறியனவாய், ஒரே அளவினவாய் இருப்பின் ஐயுறுக. ஒன்றை எழுத்துத் திருத்தியில் திறந்து முதல் வரிகளைப் படிக்க.

2. முகவரியை மேற்கோட்குறிகளுக்குள் இடுக. அதிலுள்ள ‘உம்’மைக் குறியைக் கண்டால் கணினி கட்டளையை அங்கேயே துண்டித்துவிடும்.

3. குக்கியைச் சேமிக்கவும், மீண்டும் காட்டவும், திருப்பிவிடும் வழியைப் பின்தொடரவும் கருவிக்கு ஆணையிடுக.

4. விடைக் குறியீட்டைப் பார்க்க. 401 எனில் அடையாளம் ஏற்கப்படவில்லை. 403 எனில் அனுமதி மறுக்கப்பட்டது. 200 எனில் நுழைவுப் பக்கமே வெற்றிகரமாக வந்திருக்கவும் கூடும்.

கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதுதல் ஆகாது. பலர் பயன்படுத்தும் அலுவலகக் கணினியில் அது கட்டளைப் பதிவேட்டில் தங்கிவிடும். உரியவர் மட்டுமே படிக்கத்தக்க தனிக் கோப்பில் அதனை வைத்தல் வேண்டும்.

கோப்பு வந்தது என்பதனால் அளவை வந்தது என்று கொள்ளலாகாது. திறவாத கோப்புகளைக் கணக்கிடும் நிரல் விட்டுச் சென்றால், பெருமழை பெய்த நாளும் மழையற்ற நாளாகவே பட்டியலில் தோன்றும்.