பொத்தானை அழுத்திய பின் பாரம் எங்கே போகிறது?

அரசாங்க உதவித்தொகையா, பிள்ளைக்குப் பல்கலைக்கழக இடமா, வருமான வரியா, பெரும்பாலும் எல்லாமே இன்று கைப்பேசித் திரையில் பாரமாக வந்து நிற்கின்றன. முன்பு தோட்டத்து ஆபீசில் கிராணியிடம் பாரத்தை நீட்டுவோம். பெயரில் ஓர் எழுத்து விட்டுப் போனாலும், "நம்ம மூணாவது லயத்து ஆள்தானே" என்று அவரே திருத்திக்கொள்வார். இந்தப் பாரத்தை வாங்கும் இடத்திலோ நம்மை அறிந்தவர் எவரும் இல்லை. ஆகவே, அது எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பெற்றோர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கைப்பேசியில் பக்கத்தைத் திறந்து காட்டும் செயலிக்கு உலாவி என்று பெயர். விவரங்களை வாங்கிப் பதிந்துகொள்ளும் தூரத்துக் கணினிக்குச் சர்வர் என்று பெயர். முதலில் சர்வர் வெற்றுப் பாரத்தை அனுப்பும். "ஹந்தார்" என்ற பொத்தானை அழுத்தியதும் நாம் எழுதியவை திரும்பிப் போகும். 1995ஆம் ஆண்டிலேயே இணையப் பக்கங்களுக்கான விதிகளில் பாரங்கள் இடம்பெற்றுவிட்டன.

பாரத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் உள்ளே ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரையும் நாம் எழுதியதையும் சமக்குறி போட்டு இணைத்து, எல்லாக் கட்டங்களையும் ஒரே வரியாகக் கோப்பது உலாவியின் வழக்கமான வேலை. இடைவெளி கூட்டல் குறியாகிவிடும். 'அ' என்று ஒரே எழுத்தை எழுதினாலும் வழியில் அது 9 குறிகளாக விரிந்து, மறுமுனையில் மீண்டும் 'அ' ஆகும்!

நம் பெயர்களில் உள்ள "ஏ/எல்", "ஏ/பி" படுத்தும் பாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். சில பாரங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்பதில்லை. அனுப்ப முடியாது என்பதல்ல காரணம். உலாவி அதையும் குறியாக மாற்றி ஒழுங்காகவே கொண்டு போகும். பாரத்தை அமைத்தவர்கள் நம் பெயர்களை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் விளைவு நம் தலையில் விழுகிறது. ஓர் இடத்தில் சாய்கோட்டோடும் இன்னோர் இடத்தில் அது இல்லாமலும் பதிந்தால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். அடையாளக் கார்டில் உள்ளபடியே எழுதுங்கள். பாரம் மறுத்தால், அங்கே தந்திருக்கும் குறிப்பைப் படித்த பிறகே மாற்றுங்கள்.

அனுப்பும் முறைகள் முக்கியமாக இரண்டு. 'கெட்' முறையில் எழுதியவை முகவரி வரியிலேயே ஒட்டிக்கொண்டு போகும். தேடுவதற்கு இது போதும். ஆனால் கடைக் கணினியில் செய்தால், பார்த்த பக்கங்களின் பட்டியலில் அது அப்படியே தங்கியிருக்கும். 'போஸ்ட்' முறையில் உறைக்குள் வைத்த கடிதம்போல் உள்ளே போகும். விண்ணப்பத்துக்கு ஏற்றது இதுவே. முகவரி "எச்டிடிபிஎஸ்" என்று தொடங்கினால் வழியில் பிறர் பிரித்துப் படிக்க முடியாது. ஆயினும், வாங்குபவன் யோக்கியன் என்பதற்கு அது சாட்சியன்று. மோசடிக்காரனும் அதே பூட்டைப் போடலாம். இரட்டைச் சாய்கோட்டுக்குப் பிறகு, அடுத்த சாய்கோடு வருவதற்குள் முகவரி எப்படி முடிகிறது என்று பாருங்கள். மலேசிய அரசாங்கத் தளமென்றால் அது "டாட் ஜிஓவி டாட் எம்ஒய்" என்று முடியும்.

சர்வர் அனுப்பும் பதிலோடு ஓர் எண்ணும் வரும். 404 என்றால் கேட்ட பக்கம் அங்கே இல்லை. 500 என்றால் சர்வரிலேயே கோளாறு. தவறு உங்களுடையது என்று கலங்க வேண்டாம். பதில் வரத் தாமதமானால் பலர் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துகிறார்கள். ஒவ்வோர் அழுத்தலும் தனி விண்ணப்பமாகப் போய்ச் சேரக்கூடும். அதனால்தான் பக்கத்தைப் புதுப்பிக்கும்போது "மறுபடி அனுப்பவா?" என்று உலாவி கேட்கிறது. அப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, விண்ணப்பம் பதிவாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். பதிவு எண் திரையில் வந்ததும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வேறொருவர் நிரப்பிக் கொடுத்தாலும் அந்த எண்ணைக் கேட்டு வாங்காமல் கடையைவிட்டு வராதீர்கள்.