பாஞ்சாலியின் சினம்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் வழியில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். இந்த வட்டாரக் கிராமங்களில் கோடை வந்தால் பாரதம் தொடங்கிவிடும். திரௌபதியம்மன் கோயிலில் காப்புக் கட்டியதும் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. வில் வளைப்பு முதல் பதினெட்டாம் போர் வரை கதை நீளும். அதை நடத்திச் செல்வது ஒரு பெண்ணின், பாஞ்சாலி என்னும் திரௌபதியின், கோபம்.

துகிலுரிதல் நடக்கும் இரவில் கூட்டம் அசையாது. அதுவரை எகிறிக் குதித்த துச்சாதனன் வேடக்காரர், பல ஊர்களில், சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி அம்மனைக் கும்பிடுவார். துரியோதனன் உதிரம் தடவித்தான் கூந்தல் முடிவேன் என்று அவிழ்ந்த கூந்தலோடு பாஞ்சாலி சபதம் செய்கையில், பார்த்திருப்பவர்களில் சிலருக்கு அருள் வந்துவிடும்.

இந்தக் கோபத்தை வெறும் ஆத்திரம் என்று சொல்லிவிட முடியாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளான எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வெகுளியை வைக்கிறது. இன்று வெகுளி என்றால் சூதுவாது அறியாதவர், அன்று சினம். அது பிறக்க நான்கு காரணங்களைத் தொல்காப்பியர் சொல்கிறார்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உறுப்பைச் சிதைப்பது முதலாவது. மனைவிக்கும் சுற்றத்துக்கும் கேடு சூழ்வது குடிகோள். அடித்துத் துன்புறுத்துவது அலை. ஒருவரது அறிவையும் புகழையும் கொன்று பேசுவதைக் கொலை என்கிறார் உரையாசிரியர் பேராசிரியர். குடும்பமே சூதில் பறிபோக, கூந்தல் பற்றி இழுக்கப்பட்டு, தாசி என்று பழிக்கப்பட்ட பாஞ்சாலிக்கு இவற்றில் மூன்று ஒரே சபையில் நேர்ந்தன. அற்பச் சிடுசிடுப்புக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளியிட்ட திரௌபதி வழிபாடு பற்றிய நூலில், இந்தக் கோபத்தைக் கூத்தாக நடத்தும் மரபின் வேர்களைச் செஞ்சி வட்டாரத்தில்தான் தேடினார்.

பதினெட்டாம் போர் விடிந்ததும் படுகளம். திடலில் மல்லாந்து கிடக்கும் துரியோதனன் மண்ணுருவம், பல ஆள் நீளம் இருக்கும். வேடம் கட்டிய வீமனும் துரியோதனனும் அதைச் சுற்றி ஓடிச் சண்டையிடுவார்கள். மண்ணுருவின் தொடையில் சிவப்பு நீர் நிறைந்த பானை புதைந்திருக்கும். வீமன் கதையால் அங்கே ஓங்கி அடிக்க, உதிரம் பீறிடும். பாஞ்சாலி அதைக் கூந்தலில் தடவி, பூ வைத்து முடிந்துகொள்வாள். கூட்டம் முண்டியடித்து அந்த மண்ணில் ஒரு பிடி அள்ளிப்போகும். நிலத்தில் தூவினால் வெள்ளாமை செழிக்கும் என்பது நம்பிக்கை.

சபையில் நடந்த அந்த அநியாயத்தை ஆண்டுதோறும் ஊரே கூடி மறுபடி பார்க்கிறது. அவமதிக்கப்பட்டவள் பக்கமே நிற்கிறது. கூந்தல் முடிந்ததும் சபதம் தீர்கிறது. மாலையில் தீமிதி. அதன்பிறகு தருமர் பட்டாபிஷேகம் நடந்தால்தான் ஊருக்குப் பாரதம் முடிந்த கணக்கு.