ஓய்வு நேரத்தில் ஓர் உலகம்: குழுவாகக் கட்டுவது எப்படி?

மாரோவிண்ட் என்ற கணினி விளையாட்டு 2002 மே மாதம் வெளிவந்தது. பெதஸ்டா நிறுவனத்தின் அந்த விளையாட்டு, மாரோவிண்ட் என்ற கற்பனை மாகாணத்தில் வார்டன்ஃபெல் என்ற ஒரே ஒரு தீவில் நடக்கிறது. தீவைச் சுற்றியுள்ள பெருநிலம் கதையில் உண்டு, விளையாட்டில் இல்லை. விளையாட்டு வெளிவரும் முன்பே, 2001இல், ரசிகர்கள் சிலர் டாம்ரியல் ரீபில்ட் என்ற பெயரில் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். விடுபட்ட அந்தப் பெருநிலத்தைக் கட்டுவதுதான் இன்று அவர்கள் வேலை. நார்சிஸ் என்ற பெருநகரம் அடங்கிய பகுதியை 2025 மே மாதம் வெளியிட்டார்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. இடையில் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். வேலை மட்டும் அறுபடாமல் தொடர்கிறது.

இப்படியொரு மெய்நிகர் உலகத்தை நண்பர்களோடு சேர்ந்து கட்ட ஆசைப்படும் மாணவர்களும் இளைஞர்களும் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். வரையத் தெரிந்தவர், நிரல் எழுதத் தெரிந்தவர், கதை சொல்லத் தெரிந்தவர் என்று நாலு பேர் கிடைத்துவிடுவார்கள். ஆனாலும் பல முயற்சிகள் சில மாதங்களில் நின்றுபோகின்றன. திறமைக் குறைவால் நின்றவை குறைவு. வேலையைப் பிரித்த விதம்தான் பெரும்பாலும் காரணம்.

தேர் இழுக்க ஊரே ஒரே நேரத்தில் வடம் பிடிக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் கட்டும் உலகத்துக்கு அப்படி ஒரு நாள் வாய்ப்பதே இல்லை. ஒருவருக்கு ஞாயிறு மாலைதான் நேரம். இன்னொருவருக்குப் பரீட்சை முடிந்தால்தான் நேரம். வேலை மாறியவரும் குழந்தை பிறந்தவரும் சொல்லாமலே வராமல் போய்விடுவார்கள். ஆகவே குழு முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஒருவர் விலகினால் அவர் செய்த வேலை என்னவாகும்? கீழே சொல்லப்படும் எல்லாமே இந்தக் கேள்விக்கான பதில்கள்தான்.

இயந்திரமும் உலகமும்

மெய்நிகர் உலகம் எதுவானாலும் அதில் இரண்டு அடுக்குகள் உண்டு. முதலாவது இயந்திரம், அதாவது கேம் இன்ஜின். திரையில் படம் வரைவது, சுவரில் மோதினால் நிறுத்துவது, பல கணினிகளை இணைப்பது எல்லாம் அதன் வேலை. இரண்டாவது உலகம்: நிலம், வீடுகள், பொருள்கள், மாந்தர்கள், உரையாடல்கள். இவ்விரண்டும் தனித்தனிக் கோப்புகளில் இருக்க வேண்டும்.

இதன் பயன் தொடக்க காலத்திலேயே தெரிந்துவிட்டது. பலர் சேர்ந்து உலாவக்கூடிய எழுத்து வடிவ உலகமான மட், இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978இல் பிறந்தது. தொடங்கியவர் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர். உலகத்தை விவரிக்கும் கோப்பை அவர் தனியாகவும், அதை இயக்கும் நிரலைத் தனியாகவும் வைத்தார். 1980இல் அவர் விலகும் நிலை வந்தபோது சக மாணவர் ரிச்சர்ட் பார்ட்டில் பொறுப்பேற்று அதை வளர்த்தெடுத்தார். ஆக, இந்தக் கலையின் முன்னோடிப் படைப்பே கைமாறித்தான் வளர்ந்தது.

இரண்டும் தனித்தனி என்பதால் புதிய குழு சொந்தமாக இன்ஜின் எழுதத் தொடங்கக் கூடாது. அது தனியே பல ஆண்டு வேலை. மாரோவிண்டின் பழைய இயந்திரத்துக்கு மாற்றாக ஓப்பன்எம்டபிள்யூ என்ற திறந்த மூல இன்ஜினைத் தன்னார்வலர்கள் எழுதிவருகிறார்கள். அவர்கள் வேறு குழு, உலகம் கட்டுபவர்கள் வேறு குழு. இருக்கும் இன்ஜின் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உங்கள் உழைப்பு முழுவதையும் உலகத்துக்குக் கொடுங்கள்.

துண்டு போடுவது

டாம்ரியல் ரீபில்ட் நீடித்து நிற்பதற்கு மிகப் பெரிய காரணம் அது வேலையைத் துண்டுகளாக ஒதுக்கும் முறை. மாரோவிண்டின் வெளிநிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 117 மீட்டர். சில கட்டங்களைச் சேர்த்து ஒருவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். அவர் முடித்துக் கொடுக்கும்வரை வேறு யாரும் அதில் கை வைப்பதில்லை. முடிந்ததும் அது பொதுக் கோப்போடு இணைக்கப்படுகிறது. வெளிநிலத்துக்குத் தனித் துண்டு, வீட்டு உட்புறத்துக்குத் தனித் துண்டு, அங்கே நடக்கும் சிறுகதைக்குத் தனித் துண்டு.

இந்தப் பிரிவினையில் நுட்பம் இருக்கிறது. வெளிநிலத்தில் ஒரு கட்டத்தின் விளிம்பு உயரம் பக்கத்துக் கட்டத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தரை கிழிந்ததுபோல் பிளவு தெரியும். அதனால் வெளிநில வேலைக்கு அனுபவம் தேவை. உட்புறம் அப்படியல்ல. கதவைத் திறந்தால் அது தனி இடமாக ஏற்றப்படுகிறது. அங்கே நேரும் தவறு வெளியே எதையும் கெடுக்காது. ஒரு மீனவர் குடிசையின் உள்ளே கட்டில், அடுப்பு, வலை, பானைகளை அடுக்குவது புதிதாக வருபவருக்கு ஏற்ற முதல் வேலை. சில மாலைகளில் முடித்துவிடலாம். முடித்த நிறைவும் கிடைக்கும்.

உங்கள் குழுவிலும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். இது என்ன இடம், யார் வாழ்கிறார்கள், எந்தப் பொருள்களைப் பயன்படுத்தலாம், யார் எடுத்திருக்கிறார், எந்தத் தேதிக்குள், கடைசியாகச் சேமித்த கோப்பு எங்கே என்ற ஆறு விவரங்களும் அதில் இருந்தால் போதும். சொன்ன தேதி கடந்தும் தகவல் வராவிட்டால் துண்டு திரும்பப் பொதுப் பட்டியலுக்குப் போய்விடும் என்பதை முதலிலேயே விதியாக்குங்கள். அப்போது யாரும் யாரையும் குற்றம் சொல்ல நேராது. விலகியவர் பின்னாளில் கூச்சமின்றித் திரும்பி வரவும் வழியிருக்கும்.

சரிபார்ப்பவர்

டாம்ரியல் ரீபில்டில் சேர விரும்புபவர் முதலில் தம் கைவேலை ஒன்றை மாதிரியாகக் காட்ட வேண்டும். மூத்தவர்கள் பார்த்து, மிதக்கும் பொருள், சுவருக்குள் புகுந்த அலமாரி, வழியை மறிக்கும் நாற்காலி என்று குறைகளைச் சுட்டுவார்கள். திருத்திய பிறகுதான் துண்டு கிடைக்கும். முடித்த துண்டையும் கட்டியவர் அல்லாத ஒருவர் உலாவிப் பார்த்த பிறகே இணைப்பார்கள்.

இதைத் தடைச்சுவர் என்று நினைக்க வேண்டாம். வெளியே பயிற்சி நிலையம் இல்லாத ஒரு கலைக்கு இதுவே பள்ளிக்கூடம். நாலு பேர் கொண்ட குழுவிலும் ஒருவர் கட்டியதை இன்னொருவர் பார்த்தே தீர வேண்டும். குறை சொல்லும்போது இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். ‘இந்தத் தெரு நன்றாக இல்லை’ என்றால் மனம் நோகும். ‘மூன்றாவது வீட்டு வாசற்படி தரையில் படவில்லை’ என்றால் திருத்திவிடுவார்.

எல்லை கட்டுதல்

கட்டுவதில் கட்டுப்பாடே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னெஸ் 1989இல் தொடங்கிய டைனிமட் உலகில் விளையாட வந்தவர்களே அறைகளைக் கட்டிச் சேர்க்கலாம். உற்சாகமாக ஆயிரக்கணக்கில் சேர்த்தார்கள். தரவு பெருத்து, ஓராண்டு நிறைவதற்குள் அதை மூட வேண்டியதாயிற்று. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பாவெல் கர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய லாம்ப்டாமூ இந்தச் சிக்கலை வேறுவிதமாகச் சமாளித்தது. ஒவ்வொருவருக்கும் இவ்வளவு இடம் என்று ஒரு வரம்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால், ஏற்கெனவே கட்டியதைப் பார்த்து மதிப்பிட ஒரு குழு.

டாம்ரியல் ரீபில்டும் முதலில் மாரோவிண்ட் அடங்கிய டாம்ரியல் என்ற கண்டம் முழுவதையும் கட்ட ஆசைப்பட்டது. பிறகு மாரோவிண்டின் பெருநிலம் மட்டும் போதும் என்று சுருக்கிக்கொண்டது. அந்த முடிவு இல்லாமல் இத்தனை பகுதிகள் மக்கள் கைக்கு வந்திருக்க முடியாது. மற்ற மாகாணங்களை இன்று வேறு குழுக்கள் எடுத்துச் செய்கின்றன. அந்தக் குழுக்களும் இவர்களும் ஒரே பொருள்கிடங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவர் செய்த மரமும் தூணும் எல்லோருடைய நிலத்திலும் நிற்கின்றன.

உரிமையை எழுதிவையுங்கள்

பொதுக் கிடங்கு என்றாலே உரிமைக் கேள்வி வரும். ஒருவர் செய்த மாடல்கள் நூறு இடங்களில் பயன்பட்ட பிறகு, மனஸ்தாபத்தில் விலகும்போது ‘என் வேலையை எடுத்துவிடுங்கள்’ என்றால் உலகமே ஓட்டையாகிவிடும். ஆகவே சேரும்போதே ஓர் உரிமத்துக்கு எல்லோரும் சம்மதிக்க வேண்டும். படம், இசை, மாடல் ஆகியவற்றுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும், நிரலுக்கு ஜிபிஎல் அல்லது எம்ஐடி உரிமமும் வழக்கம். செய்தவர் பெயரை உலகத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் விலகிய பிறகும் வைத்திருங்கள். அது அவருக்குச் சேர வேண்டிய கூலி. இணையத்தில் கிடைத்தது என்பதற்காக உரிமம் தெரியாத படத்தையோ இசையையோ சேர்க்காதீர்கள். பின்னால் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று தேடி எடுப்பது பெரும்பாடு.

கருவிகள்

பணம் இல்லாமலே தொடங்கலாம். லுவான்டி என்ற கட்டற்ற மென்பொருள் கட்டிகளை அடுக்கி உலகம் கட்டுவது. பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010இல் தொடங்கியது. 2024வரை அதன் பெயர் மைன்டெஸ்ட். பழைய கணினியிலும் ஓடும். ஒருவர் கணினியை சர்வராக்கினால் மற்றவர்கள் உள்ளே வந்து சேர்ந்து கட்டலாம். பள்ளி மாணவர்களுக்கு இதுவே நல்ல தொடக்கம்.

இன்னும் விரிவாகச் செய்ய கோடோ என்ற இன்ஜின் இருக்கிறது. 2014இல் திறந்த மூலமாக்கப்பட்டது. அதில் ஒரு காட்சியை எழுத்துக் கோப்பாகவே சேமிக்கலாம்; அதனால் யார் எந்த வரியை மாற்றினார் என்று, மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் மென்பொருளில் பார்க்க முடியும். நமக்கு இன்னொரு நன்மையும் உண்டு. ‘கொ’ போன்ற தமிழ் எழுத்துகளில் கொம்பு முன்னால் நகர வேண்டும். இதைச் சரியாக அடுக்கிக் காட்டும் வசதி 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பிலிருந்து கிடைக்கிறது. உரையாடலைத் தமிழிலேயே எழுத விரும்பும் குழு அதற்கு முந்தைய பதிப்பைத் தவிர்ப்பது நல்லது.

முப்பரிமாண மாடல்களுக்கு பிளெண்டர். 2002இல் ஒரு லட்சம் யூரோவைப் பயனர்களே திரட்டிக் கொடுத்து அதைக் கட்டற்ற மென்பொருளாக்கினார்கள். மாடல், படக் கோப்புகளை ஒரே நேரத்தில் இருவர் திருத்தினால் கிட் அவற்றை இணைத்துத் தராது. ‘இந்தக் கோப்பு என்னிடம்’ என்று சொல்லிவிட்டுத் திறக்கும் பழக்கம் வேண்டும்.

முதல் வெளியீடு

உலக வரைபடத்தையும் ஆயிரம் வருட வரலாற்றையும் எழுதுவதில் முதல் மாதங்களைச் செலவிட வேண்டாம். ஒரு சிறிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: ஒரு தெரு, நாலைந்து வீடுகள், ஒரு கடை, பேசக்கூடிய சில மாந்தர்கள், தீர்க்க வேண்டிய ஒரு சின்னப் பிரச்சினை. முதலில் வெறும் பெட்டிகளாக அடுக்கி நடந்து பாருங்கள். தெரு அகலம் சரியா, கடை கண்ணில் படுகிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு பெட்டிகளுக்குப் பதிலாக மாடல்கள். அதன்பின் மாந்தர்கள். கடைசியாக, குழுவில் இல்லாத ஒருவரை உட்காரவைத்து, வாய்திறக்காமல் அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். திருத்தி, வெளியிடுங்கள்.

சிறியதானாலும் வெளியிட்ட ஒன்றுதான் புதிய ஆட்களைக் கொண்டுவரும். உள்ளே நடந்து பார்த்தவருக்குத்தான் ‘பக்கத்துத் தெருவை நான் கட்டட்டுமா’ என்று கேட்கத் தோன்றும். டாம்ரியல் ரீபில்டும் எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை; பகுதி பகுதியாக வெளியிட்டது. கை தேர்ந்த பிறகு, பழைய பகுதிகள் சிலவற்றை இடித்துத் திரும்பவும் கட்டியது. முதல் தெரு அழகாக அமையாவிட்டால் கவலை வேண்டாம். பின்னால் வருபவர் அதைப் பிரித்துக் கட்டும்படி கோப்புகளும் குறிப்புகளும் ஒழுங்காக இருந்தால், நீங்கள் செய்த வேலை வீண்போகாது.

சம்பளமில்லாத வேலைக்கு இவ்வளவு ஒழுங்கு எதற்கு என்று கேட்கலாம். முன்பின் சந்தித்திராதவர்கள் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடர இந்த ஒழுங்குதான் வழிசெய்கிறது. நண்பர்களோடு இந்த வாரமே உட்கார்ந்து முதல் தெருவைத் தேர்ந்தெடுங்கள். அதை ஆறு துண்டுகளாகப் பிரித்து, நாலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி இரண்டை இனிமேல் வரப்போகிறவர்களுக்காகக் குறிப்போடு எழுதிவையுங்கள்.