லைட்டுடன் சீலிங் ஃபேன்... தட்டில் மீன் முள் தெரியுமா?

டைனிங் டேபிளுக்கு மேலே ஃபேன், டியூப் லைட்டோ ஓரச் சுவரில். பல வீடுகளில் இப்படித்தான். நம் தலையின் நிழலே தட்டில் விழ, குழந்தைக்கு மீன் முள் எடுத்துக் கொடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். லைட்டுடன் வரும் ஃபேன் இதற்கு நல்ல தீர்வு. வாங்கும்முன் கவனிக்க வேண்டியவை:

லைட் இருக்கும் இடம்: இறக்கைகளுக்குக் கீழே, நடுவில் இருக்க வேண்டும். மேலே இருந்தால் இறக்கை சுற்றும்போது நிழல் ஆடிக் கண்ணை உறுத்தும்.

வெளிச்சம்: வாட்ஸை மட்டும் பார்க்காமல் லூமென் அளவைப் பாருங்கள். நான்கு பேர் சாப்பிடும் டேபிளுக்கு சுமார் 1,500 லூமென் போதும். 3,000 கெல்வின் என்றால் இதமான மஞ்சள் சாயல். சிஆர்ஐ 90 இருந்தால் குழம்பின் நிறம் உள்ளபடி தெரியும்.

மின்சாரம்: பழைய ஃபேன் 75 வாட்ஸ் வரை இழுக்கும்; பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட்ஸ் அளவே போதும். ஆனால், பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட வேண்டும்.

உயரம்: இறக்கை தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வரக் கூடாது.

சர்வீஸ்: எல்இடியை மட்டும் தனியாக மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால், லைட் போனதும் ஃபேனையே மாற்ற வேண்டி வரலாம்.

கடையிலேயே ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, கீழே உள்ளங்கையை நீட்டுங்கள். நிழல் ஆடாமல் ரேகை தெளிவாகத் தெரிந்தால், தாராளமாக வாங்கலாம்!