மண்ணுக்கு வைத்தியம் – 9: நிலத்தடியில் ஓர் இரும்புச் சுவர்

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், பாஸ்குவோடாங்க் ஆற்றங்கரையில் இருக்கிறது எலிசபெத் சிட்டி. அங்குள்ள கடலோரக் காவல்படைத் தளத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு முலாம் பூசும் பட்டறை நடந்துவந்தது. 1984இல் அதை மூடிவிட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அடியிலிருந்த மண்ணைச் சோதித்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. கான்கிரீட் தரையில் விழுந்திருந்த ஓட்டை வழியே குரோமியம் கலந்த அமிலக் கழிவு பூமிக்குள் இறங்கி, நிலத்தடி நீரோடு சேர்ந்து ஆற்றை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. உலோகங்களில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கப் பயன்படும் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பானும் கூடவே போய்க்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட இடங்களில் அந்நாளில் எல்லோரும் செய்தது, கிணறு தோண்டி நீரை இறைத்துச் சுத்திகரிப்பதுதான். ஆனால், அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சில் 1994இல் வெளியிட்ட அறிக்கை அந்த நம்பிக்கையை அசைத்தது. இந்த முறையைக் கையாண்ட 77 இடங்களை வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள். அவற்றில் 69 இடங்கள் இலக்கை எட்டியிருக்கவில்லை. மஞ்சள் கறை ஏறிய துணியை எத்தனை முறை அலசினாலும் தண்ணீரில் கொஞ்சம் மஞ்சள் இறங்கிக்கொண்டே இருக்கும் அல்லவா? களிமண் அடுக்குகளுக்குள் ஊறிப்போன நஞ்சும் அப்படித்தான். இறைக்க இறைக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மோட்டாரை நிறுத்தினால் அளவு மறுபடி ஏறும்.

மாற்று வழி தற்செயலாகப் பிறந்தது. 1980களின் நடுவில், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ராபர்ட் கில்ஹாமின் குழுவினர், கிணற்று நீரை மாதிரி எடுக்கும் குழாய்கள் நீரிலுள்ள வேதிப்பொருள்களை உறிஞ்சுகின்றனவா என்று சோதித்துக்கொண்டிருந்தார்கள். சில உலோகங்கள் பட்ட நீரில் குளோரின், புரோமின் கொண்ட நச்சுச் சேர்மங்கள் குறைந்துகொண்டே போயின. அவை உலோகத்தில் ஒட்டிக்கொள்ளவில்லை, சிதைந்துபோயின. அப்படியென்றால் நீரை ஏன் மேலே இறைக்க வேண்டும்? அது போகும் வழியிலேயே இரும்பை வைத்துவிட்டால்? 1991இல் ஒன்டாரியோவின் போர்டன் ராணுவத் தளத்தில், இரும்பும் மணலும் கலந்த ஒரு சிறு சுவரைப் பூமிக்குள் அமைத்துப் பார்த்தார்கள். உள்ளே வந்த டிரைகுளோரோஎத்திலீனில் ஏறத்தாழ 90 சதவீதம் காணாமல் போயிருந்தது.

1996 ஜூனில் எலிசபெத் சிட்டியில் இந்த முறை பெரிய அளவில் வந்தது. 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 0.6 மீட்டர் அகலம். பட்டறைக்கும் ஆற்றுக்கும் நடுவே, நிலத்தடி நீர் ஓடும் திசைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டி இரும்புக் குருணையை நிரப்பினார்கள். வெட்டிக்கொண்டே நிரப்பிப் போகும் இயந்திரம் ஒரு நாளுக்குள் வேலையை முடித்தது.

பெயர்தான் சுவர். தண்ணீரை அது தடுப்பதில்லை. இரும்புக் குருணைகளின் இடுக்குகள் வழியே நீர் தாராளமாகப் போகும். போகிற போக்கில் இரும்பு துருப்பிடிக்கிறது. துருப்பிடிக்கும்போது எலக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கிறது. அவற்றைப் பெற்றுக்கொள்ளும் குரோமியம்-6, குரோமியம்-3 ஆக மாறுகிறது. இந்த மாற்றத்தில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. குரோமியம்-6 நீரில் எளிதாகக் கரையும், நீருக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும், புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குரோமியம்-3 நச்சு குறைந்தது. சாதாரண நிலத்தடி நீரில் அநேகமாகக் கரையாது. அது இரும்போடு சேர்ந்து படிந்து சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மோட்டார் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நிலத்தின் சரிவே நீரைத் தள்ளிக்கொண்டு வருகிறது.

பதினைந்து ஆண்டுச் சோதனைகளைத் தொகுத்து ஆய்வாளர்கள் பின்னர் வெளியிட்டார்கள். சுவரைக் கடந்து வந்த நீரில் லிட்டருக்கு 3 மைக்ரோகிராமுக்கு மேல் குரோமியம் காணப்படவில்லை. இந்தியக் குடிநீர்த் தரம் அனுமதிக்கும் அளவு 50 மைக்ரோகிராம். டிரைகுளோரோஎத்திலீன் விஷயத்தில் சுவர் நன்றாகவே வேலை செய்தாலும் சில சமயம் சிதைவு முழுமையடையவில்லை.

அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. பட்டறைக்கு அடியில் நஞ்சு ஊறியிருந்த மண்ணிலேயே சோடியம் டைதயோனைட் கரைசலைச் செலுத்தி, மூல இடத்திலும் குரோமியத்தை மாற்றியிருந்தார்கள். அதனால் சுவரின் ஆயுள் முடிவதற்கு முன்பே, நகர்ந்து வந்த குரோமியம் ஓய்ந்துவிட்டது. சுவர் மட்டும் சாதித்த வெற்றியல்ல இது. ஊற்றை அடைத்தது பாதி, வழியில் மறித்தது பாதி.

நம் ராணிப்பேட்டைக்கு இந்தப் பாடம் நேராகவே பொருந்தும். அங்கே சிப்காட் வளாகத்தில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை, குரோமியத் தாதுவிலிருந்து வேதிப்பொருள்களைத் தயாரித்தது. 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. குரோமியம்-6 கலந்த கழிவோ ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேல் திறந்தவெளியில் மலைபோல் குவிந்து கிடந்தது. ஒவ்வொரு மழையும் அதைக் கரைத்து மண்ணுக்குள் இறக்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாகியது. 2006இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது ராணிப்பேட்டையும் அதில் இருந்தது.

அங்கேயும் ஓர் இரும்புச் சுவர் எழுப்பிவிடலாமா? அவ்வளவு எளிதல்ல. எலிசபெத் சிட்டி ஆற்றோர மணல் நிலம். பள்ளம் வெட்டுவது சுலபம். ராணிப்பேட்டையின் அடியில் இருப்பது கருங்கல் பாறை. நீர் அதன் வெடிப்புகள் வழியே வளைந்தும் பிரிந்தும் ஓடுகிறது. எந்த வெடிப்பில் எவ்வளவு போகிறது என்று தெரியாமல் எதை எங்கே வைத்தாலும் நீர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். தவிர, கழிவு திறந்து கிடக்கும்வரை கீழே எதைச் செய்தாலும் அடுத்த மழையில் புதிய குரோமியம் இறங்கும்.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் மழைநீர் படாதபடி கழிவை மூட வேண்டும், அல்லது குரோமியத்தை வேதிமுறையில் மாற்றி, கசிவு இல்லாத குழிக்குள் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி நீரின் பாதையைக் கண்டறிய வேண்டும். எந்த முறை என்று தேர்ந்தெடுப்பது அதற்கு அடுத்துத்தான். உங்கள் ஊருக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு கழிவுமேடு இருந்தால், சுத்திகரிப்புத் திட்டத்தோடு வரும் அதிகாரிகளிடம் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள்: மூலக் கழிவை என்ன செய்யப் போகிறீர்கள்? நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது? கண்காணிப்புக் கிணறுகளின் முடிவுகளை எங்கே வெளியிடுவீர்கள்?

(தொடரும்)