டேப்லெட்டைத் தொலைக்காட்சியுடன் இணைத்தல்: மூத்தோருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி

டேப்லெட்டின் திரை பொதுவாக மூலைக்கு மூலை 8 முதல் 13 அங்குலம் வரையே இருக்கும். பார்வை மங்கி வரும் மூத்தோர் அதில் மருத்துவரின் முகத்தையோ, யாழ்ப்பாணத்திலோ கோயம்புத்தூரிலோ வாழும் உடன்பிறந்தாரின் முகத்தையோ தெளிவாகக் காண்பது கடினம். அதே காட்சி வரவேற்பறைத் தொலைக்காட்சியில் தோன்றினால் கண்ணுக்குச் சிரமமில்லை. குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உரையாடவும் இயலும். இதற்குப் புதிய தொலைக்காட்சி வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான வீடுகளில் ஒரு கம்பியோ, ஏற்கனவே உள்ள வைஃபை இணைப்போ போதுமானது.

பொருந்தாத கம்பியை வாங்கிப் பணத்தை இழப்பதும், இணையத்தில் கிடைத்த போலி உதவி எண்ணை அழைத்து வங்கிக் கணக்கையே இழப்பதும் இவ்விடயத்தில் நேரக்கூடியவை. இவ்விரண்டையும் தவிர்த்து, உங்கள் வீட்டிற்கு ஏற்ற வழியைத் தெரிந்துகொள்ள இக்கட்டுரை உதவும்.

முதலில் கவனிக்க வேண்டியவை

எதையும் வாங்கும் முன் மூன்று விடயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

1. டேப்லெட்டின் பெயரும் வகையும். இது அமைப்புகள் பகுதியில் 'அபௌட்' என்னும் தலைப்பின் கீழ் இருக்கும்.
2. டேப்லெட்டில் மின்னேற்றும் துளையின் வடிவம். நீள்வட்டமாக, எப்பக்கம் திருப்பினும் பொருந்துவதாக இருந்தால் அது யூ.எஸ்.பி-சி. பழைய ஐபேடுகளில் அதைவிடச் சிறிய லைட்னிங் துளை இருக்கும்.
3. தொலைக்காட்சியின் பின்புறத்திலோ பக்கவாட்டிலோ 'எச்.டி.எம்.ஐ' என எழுதப்பட்ட துளை உள்ளதா என்பது. அதனுடன் உள்ள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இம்மூன்றையும் கைப்பேசியில் படமெடுத்துக் கடைக்குக் கொண்டு சென்றால் விற்பனையாளருக்கு விளக்குவது எளிது.

முதலாவது வழி: கம்பி மூலம் இணைத்தல்

கம்பி இணைப்பே மிகவும் நம்பகமானது. இதற்கு வைஃபை தேவையில்லை. படமும் ஒலியும் தாமதமின்றி வந்து சேரும். டேப்லெட்டில் சேமித்துள்ள திருமணக் காணொளிகளையும் பழைய ஒளிப்படங்களையும் இணைய வசதி இல்லாத வீட்டிலும் பார்க்கலாம்.

லைட்னிங் துளை உள்ள ஐபேடுக்கு, லைட்னிங்கை எச்.டி.எம்.ஐ ஆக மாற்றும் இணைப்பி ஒன்றும் சாதாரண எச்.டி.எம்.ஐ கம்பி ஒன்றும் வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தின் இணைப்பியில் மின்னேற்றுவதற்கென மற்றொரு துளையும் இருப்பதால், நீண்ட நேரம் பார்க்கும்போது மின்கலம் தீர்ந்துவிடாது. யூ.எஸ்.பி-சி துளை உள்ள ஐபேடுகள் அனைத்தும் தொலைக்காட்சிக்குப் படம் அனுப்ப வல்லவை. அவற்றுக்கு யூ.எஸ்.பி-சி முதல் எச்.டி.எம்.ஐ வரையிலான கம்பி ஒன்றே போதும்.

ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்போர் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். யூ.எஸ்.பி-சி என்பது துளையின் வடிவத்தை மட்டுமே குறிக்கும். அதன் வழியே படம் வெளிச்செல்லுமா என்பது உள்ளே உள்ள மின்சுற்றைப் பொறுத்தது. விலை குறைந்த டேப்லெட்டுகள் பலவற்றில் அத்துளை மின்னேற்றுவதற்கும் கோப்புகளை மாற்றுவதற்கும் மட்டுமே பயன்படும். சாம்சங் 'டேப் எஸ்' வரிசையின் உயர்வகை டேப்லெட்டுகள் கம்பி வழியே படம் அனுப்பும். அதே வரிசைப் பெயர் கொண்ட 'எஸ்6 லைட்' அனுப்பாது. எனவே, டேப்லெட்டின் விவரக்குறிப்பில் 'டிஸ்ப்ளேபோர்ட்' அல்லது 'எச்.டி.எம்.ஐ அவுட்' என்னும் சொல் உள்ளதா எனப் பாருங்கள். இல்லையெனில் எவ்வளவு விலையுயர்ந்த கம்பியை வாங்கினாலும் படம் வராது. அத்தகைய டேப்லெட்டுக்குப் பின்வரும் கம்பியில்லா வழிகளே பொருந்தும்.

எச்.டி.எம்.ஐ கம்பிக்கு அதிகப் பணம் செலவிட வேண்டியதில்லை. 2 மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கம்பியே வீட்டுப் பயன்பாட்டிற்கு நல்ல படத்தைத் தரும். ஆனால் அது நடைபாதையின் குறுக்கே கிடக்காதவாறு சுவரோரமாக இடுங்கள். மூத்தோர் கால் தடுக்கி விழ அதுவே காரணமாகிவிடக்கூடும்.

இணைத்தபின், தொலைக்காட்சித் தொலையியக்கியில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்னும் பொத்தானை அழுத்தி, நீங்கள் கம்பியைச் செருகிய துளையின் எண்ணைத் தெரிவு செய்யுங்கள். படம் வரவில்லை என்று கலங்குவோர் பலர் விட்டுவிடுவது இந்த ஒரு படியைத்தான்.

எச்.டி.எம்.ஐ இல்லாத பழைய தொலைக்காட்சி

மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிற வட்டத் துளைகள் மட்டுமே உள்ள தொலைக்காட்சிக்கு ஒரு மாற்றுப்பெட்டி தேவை. கடைகளில் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே உள்ள இருவகைப் பெட்டிகள் கிடைக்கும். ஒன்று எச்.டி.எம்.ஐ-யிலிருந்து மூவண்ணக் கம்பிக்கு மாற்றுவது. மற்றது மூவண்ணக் கம்பியிலிருந்து எச்.டி.எம்.ஐ-க்கு மாற்றுவது. உங்களுக்குத் தேவையானது முதல்வகை. ஒன்றை மற்றதற்குப் பதிலாகப் பயன்படுத்த இயலாது. படம் காண்பதற்குப் போதுமானதாக இருப்பினும் சிறிய எழுத்துகள் மங்கலாகவே தெரியும்.

இரண்டாவது வழி: திரையைப் பிரதிபலித்தல்

டேப்லெட்டில் தோன்றுவது அனைத்தும் அப்படியே தொலைக்காட்சியில் தோன்றச் செய்வது பிரதிபலித்தல் ஆகும். ஐபேடில் இதற்கு ஏர்ப்ளே என்று பெயர். 2019-க்குப் பின் வந்த சாம்சங், எல்ஜி, சோனி தொலைக்காட்சிகள் பலவற்றில் இவ்வசதி உள்ளது. இல்லாதவற்றுக்கு ஆப்பிள் டிவி பெட்டி வேண்டும். ஐபேடின் வலது மேல்மூலையிலிருந்து கீழ்நோக்கி விரலால் இழுத்தால் தோன்றும் பலகத்தில் 'ஸ்கிரீன் மிரரிங்' என்பதைத் தொட்டு, உங்கள் தொலைக்காட்சியின் பெயரைத் தெரிவு செய்யுங்கள். முதன்முறை தொலைக்காட்சியில் ஓர் எண் தோன்றினால் அதை ஐபேடில் இட வேண்டும்.

சாம்சங் டேப்லெட்டில் மேலிருந்து இழுக்கும் பலகத்தில் இது 'ஸ்மார்ட் வியூ' என்றும், பிற ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் 'காஸ்ட்' அல்லது 'ஸ்கிரீன் காஸ்ட்' என்றும் இருக்கும்.

பிரதிபலிக்கும்போது டேப்லெட்டின் திரை அணையாமல் இருக்க வேண்டும். உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளும் அறிவிப்புகளும் கூடத்தில் உள்ள அனைவருக்கும் தெரியும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தொடங்கும் முன் 'டூ நாட் டிஸ்டர்ப்' வசதியை இயக்குங்கள். வங்கிக் கடவுச்சொல்லைப் பிரதிபலிப்பின்போது ஒருபோதும் இடாதீர்கள்.

மூன்றாவது வழி: காஸ்ட் செய்தல்

யூடியூப் போன்ற செயலிகளின் மேற்பகுதியில், மூலையில் மூன்று வளைகோடுகளுடன் கூடிய சிறு செவ்வகம் ஒன்றைக் காணலாம். அதைத் தொட்டால் டேப்லெட் படத்தை அனுப்புவதில்லை. எந்தக் காணொளியை இயக்க வேண்டும் என்ற தகவலை மட்டுமே அனுப்புகிறது. தொலைக்காட்சியே அக்காணொளியை இணையத்திலிருந்து நேரடியாகப் பெற்றுக்கொள்கிறது. ஆகவே டேப்லெட்டின் திரையை அணைத்தாலும் காட்சி தொடரும், மின்கலமும் செலவாகாது. திரைப்படங்களுக்கும் கச்சேரிகளுக்கும் பக்திச் சொற்பொழிவுகளுக்கும் இதுவே சிறந்த வழி.

டேப்லெட்டும் தொலைக்காட்சியும் ஒரே வைஃபை இணைப்பில் இருப்பது இதற்கு இன்றியமையாதது. ஒன்று வீட்டின் முதன்மை இணைப்பிலும் மற்றது விருந்தினருக்கான 'கெஸ்ட்' இணைப்பிலும் இருந்தால் ஒன்றையொன்று கண்டறியா. கைப்பேசித் தரவைப் பகிர்ந்து பார்ப்போர் அளவைக் கவனிக்க வேண்டும். உயர்தரக் காணொளி ஒரு மணி நேரத்தில் 3 ஜிகாபைட் வரை செலவழிக்கக்கூடும்.

காணொளி அழைப்பும் மருத்துவ ஆலோசனையும்

வாட்ஸ்அப் போன்ற காணொளி அழைப்புகளுக்கு மேற்கண்ட காஸ்ட் முறை பயன்படாது. கம்பியோ பிரதிபலிப்போதான் வேண்டும். அப்போதும் உங்களைப் படம்பிடிப்பது டேப்லெட்டில் உள்ள ஒளிப்படக் கருவியே. டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு தொலைக்காட்சியைப் பார்த்துப் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் மோவாய் மட்டுமே தெரியும். ஆகவே டேப்லெட்டை ஒரு தாங்கியில் நிறுத்தி, தொலைக்காட்சியின் கீழ்விளிம்பை ஒட்டி நடுவில் வையுங்கள். சன்னல் உங்கள் முதுகுப்புறம் இல்லாதவாறு அமருங்கள்.

கம்பியில்லா இணைப்பில் சில டேப்லெட்டுகள் அழைப்பின்போது படத்தை மட்டுமே தொலைக்காட்சிக்கு அனுப்பும். ஒலி டேப்லெட்டிலேயே கேட்கும். இது பழுதன்று. ஒலி தொலைக்காட்சியிலிருந்து வந்து, எதிரொலி எழுந்தால் தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றுக் குறையுங்கள்.

மருத்துவருடனான ஆலோசனைக்கு முதல் நாளே குடும்பத்தார் ஒருவருடன் சோதனை அழைப்பு ஒன்றைச் செய்து பாருங்கள். காயத்தையோ வீக்கத்தையோ காட்ட வேண்டியிருந்தால் டேப்லெட்டைக் கையில் எடுக்கக்கூடிய கம்பியில்லா இணைப்பு வசதியானது. ஆலோசனைக்கு நேரம் பெறும்போதே தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவை என்று கூறுங்கள். உடல்நிலை பற்றிய பேச்சில் பேரப்பிள்ளைகளை உரைபெயர்க்க வைக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சியின் ஒலி வீடெங்கும் கேட்கும் என்பதால், தனிமையில் பேச விரும்பும் மூத்தோரின் விருப்பத்திற்குக் குடும்பத்தார் இடமளிக்க வேண்டும். அவ்வேளையில் அறைக்கதவை மூடிவிட்டு டேப்லெட்டில் மட்டும் பேசுவதே முறையானது.

படம் வராவிட்டால்

- தொலைக்காட்சியில் சரியான 'சோர்ஸ்' தெரிவாகியுள்ளதா எனப் பாருங்கள்.
- டேப்லெட், தொலைக்காட்சி இரண்டையும் அணைத்து மீண்டும் இயக்குங்கள்.
- இரண்டும் ஒரே வைஃபை பெயரில் உள்ளனவா என உறுதிசெய்யுங்கள்.
- ஒளிப்படங்கள் தெரிந்து, கட்டணத் திரைப்படம் மட்டும் கருமையாகத் தெரிந்தால், மலிவான இணைப்பி பதிப்புரிமைப் பாதுகாப்பை ஏற்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.
- படத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் தெரிவது இயல்பே. டேப்லெட்டைக் கிடைமட்டமாகத் திருப்பினால் அவை குறையும்.

ஏமாற்றுக்காரர்களிடம் எச்சரிக்கை

ஒரு கருவியை முதன்முறை இணைக்கும்போது ஐயம் எழுந்து, இணையத்தில் உதவி எண் தேடுவோரைக் குறிவைத்துப் போலி நிறுவனங்கள் காத்திருக்கின்றன. 'கருவியை இயக்கத் தனிக் கட்டணம் செலுத்துங்கள்' என்றோ, 'உங்கள் டேப்லெட்டைத் தொலைவிலிருந்து சரிசெய்ய இச்செயலியை நிறுவுங்கள்' என்றோ கேட்டால் உடனே அழைப்பைத் துண்டியுங்கள். ஏர்ப்ளே, ஸ்மார்ட் வியூ, காஸ்ட் ஆகியவற்றை இயக்கக் கட்டணம் ஏதும் இல்லை. உதவி எண்ணைக் கருவியுடன் வந்த கையேட்டிலிருந்தே எடுங்கள். ஏற்கனவே விவரங்களைக் கொடுத்துவிட்டிருந்தால் தயங்காமல் முதலில் உங்கள் வங்கியை அழையுங்கள்; பின்னர் அரசாங்கத்தின் ஸ்காம்வாட்ச் சேவைக்குத் தெரிவியுங்கள். ஏமாற்றப்பட்டதை வெட்கத்தால் மறைத்தால் இழப்பு பெருகவே செய்யும்.

உங்கள் உரிமையும் உதவியும்

'இந்தக் கம்பி உங்கள் டேப்லெட்டுடன் இயங்கும்' என்று விற்பனையாளர் உறுதி கூறியபின் அது இயங்காவிடில், ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி தீர்வு கோர உங்களுக்கு உரிமை உண்டு. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். மனம் மாறியதற்காகப் பொருளைத் திருப்பிக் கொடுப்பது இவ்வுரிமையில் அடங்காது.

மூத்தோருக்கான 'பீ கனெக்டட்' என்னும் அரசாங்கத் திட்டத்தின் இணையவழிப் பாடங்கள் இலவசமானவை. உங்கள் டேப்லெட்டுடன் அருகிலுள்ள நூலகத்திற்குச் சென்று பணியாளரிடமும் உதவி கேட்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமிருப்பின் தேசிய மொழிபெயர்ப்பு, உரைபெயர்ப்புச் சேவையை 131 450 என்ற எண்ணில் அழைத்து, 'தமிழ்' என்று கூறி, நகரசபையுடன் இணைக்குமாறு கேளுங்கள். இச்சேவை நாள்தோறும் 24 மணி நேரமும் இயங்குகிறது.

பழுதடைந்த டேப்லெட்டுகளையும் கம்பிகளையும் வீட்டுக் குப்பைத் தொட்டியில் இடாதீர்கள். அவற்றின் மின்கலங்கள் குப்பை வண்டிகளில் தீப்பற்றக்கூடியவை. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் அவற்றை ஒப்படையுங்கள்.